பெல்சன் படத்தை வைத்து ட்ரெப்ளிங்காவைச் சொல்லாதீர்கள்

தமிழில் உலக வரலாற்றைக் காணொளிகளாகச் சொல்லிவரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் வரும். அதற்குள், நாஜி ஜெர்மனி சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற யூதப் பேரழிப்பு ஒரு சிறு பகுதியாக வந்து போய்விடும். மிச்சத்தைப் பிள்ளைகள் உங்களிடம்தான் படிக்கிறார்கள். ராத்திரி பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில், "எல்லா முகாமிலயும் விஷவாயு வெச்சிருந்தாங்களா சார்?", "அறுபது லட்சம்னு யாரு சார் எண்ணுனது?", "அவங்க ஏன் சார் திருப்பி அடிக்கல?" என்று கேட்கிறார்கள். எல்லாமே நல்ல கேள்விகள். பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஐரோப்பிய வரலாற்றைப் பற்றி இப்படிக் கேட்கவைப்பது லேசான காரியமில்லை. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு இருக்கும் முறையீடு ஒன்றே ஒன்று. நாஜி முகாம்கள் அத்தனையையும் ஒரே இடமாக்கிச் சொல்லிவிடுகிறீர்கள். டாஹாவ், ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன், ட்ரெப்ளிங்கா என்று பெயர்கள் மட்டும் மாறுகின்றன. முள்வேலி, கோடுபோட்ட உடை, கையில் பச்சை குத்திய எண், குளியலறை என்று சொல்லி அடைக்கப்படும் விஷவாயு அறை, கடைசியில் மண்வாரி இயந்திரம் தள்ளும் பிணங்கள் என்று காட்சி மட்டும் மாறுவதில்லை. இவை ஒவ்வொன்றும் எங்கோ நடந்தவைதான். எல்லாம் சேர்ந்து ஓரிடத்தில் நடந்தவை அல்ல. இந்தக் கலப்பைச் சிறு பிழை என்று விட்டுவிடலாமே என நீங்கள் நினைக்கலாம். "இப்படி ஒரு படுகொலை நடக்கவே இல்லை" என்று வாதிடுகிறவர்கள் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

மண்வாரி இயந்திரம் வரும் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெர்கன்-பெல்சன், 1945 ஏப்ரல். பிரிட்டிஷ் படை ஏப்ரல் 15 அன்று உள்ளே நுழைந்தபோது சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். ஆயிரக்கணக்கான உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. நோய் பரவாமல் தடுக்க உடல்களை விரைந்து புதைத்தாக வேண்டியிருந்தது, இயந்திரத்தை ஓட்டியவர் பிரிட்டிஷ் படைவீரர். பெல்சனில் விஷவாயு அறை கிடையாது. கிழக்கே சோவியத் படை நெருங்க நெருங்க, அங்கிருந்த முகாம்களின் கைதிகளை நாஜிகள் நடத்தியும் ரயிலில் அடைத்தும் கொண்டுவந்து கொட்டிய இடங்களில் அது ஒன்று. சோறு தண்ணீர் இல்லாமலும் டைஃபஸ் காய்ச்சலிலும் மக்கள் செத்தார்கள். மீட்கப்பட்ட பிறகும் 13,000 பேருக்கு மேல் பிழைக்கவில்லை. ஆன் ஃபிராங்க்கும் அவருடைய அக்கா மார்கோட்டும் இறந்தது இங்கேதான், 1945இன் தொடக்கத்தில், நோயில். அந்தச் சிறுமி விஷவாயு அறையில் கொல்லப்பட்டதாகச் சொல்லும் தமிழ்க் காணொளிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைப் பார்த்த பையன் நாளைக்கு வேறொரு காணொளியில் "பெல்சனில் விஷவாயு அறையே இல்லை, வரலாற்றாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்று கேட்பான். தேடிப் பார்த்தால் அது உண்மை என்று தெரியும். அப்புறம் அவன் உங்களையும் நம்ப மாட்டான், என்னையும் நம்ப மாட்டான். இது கற்பனையான பயம் அல்ல. 1960இல் மார்ட்டின் ப்ரோஷாட் என்ற ஜெர்மன் வரலாற்றாளர் 'டீ ஸைட்' வார இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். டாஹாவ், பெல்சன், புகன்வால்ட் ஆகியவற்றில் விஷவாயுக் கொலைகள் நடக்கவில்லை, அவை நடந்தது ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் குறிப்பிட்ட சில இடங்களில் என்று அதில் பிரித்துச் சொல்லியிருந்தார். மறுப்பவர்கள் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து இன்றுவரை சுற்றவிடுகிறார்கள். இரண்டாம் பாதியை நாம் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் முதல் பாதியால் யாரையும் ஏமாற்ற முடியாது.

வதைமுகாமுக்கும் கொலைமுகாமுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். டாஹாவ் திறக்கப்பட்டது 1933 மார்ச் 22. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே போனவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்தார். சாக்சன்ஹவுசன், புகன்வால்ட், மவுத்ஹவுசன், பெண்களுக்கான ராவன்ஸ்ப்ரூக் எல்லாம் பிறகு வந்தன. எதிர்ப்பவர்களை உடைப்பதும் கைதிகளின் உழைப்பை உறிஞ்சுவதும் இவற்றின் வேலை. அடி, பசி, தூக்கு, துப்பாக்கி, மருத்துவப் பரிசோதனை என்று இங்கேயும் ஏராளமானோர் செத்தார்கள். டாஹாவில் மட்டும் சுமார் 40,000 பேர். 1938 நவம்பரில் யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிக்கப்பட்ட நாட்களில், ஏறக்குறைய 30,000 யூத ஆண்களைப் பிடித்து டாஹாவிலும் புகன்வால்டிலும் சாக்சன்ஹவுசனிலும் அடைத்தார்கள். நாட்டைவிட்டுப் போகிறேன் என்றவர்களைப் பிறகு விடுவித்தார்கள். ஆக, வதைமுகாமிலிருந்து ஒருவர் வெளியே வருவது நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

ட்ரெப்ளிங்கா அப்படியில்லை. பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா மூன்றும் 1942இல், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில், யூதர்களைக் கொல்வதற்கென்றே இயங்கத் தொடங்கியவை. அதற்குச் சற்று முன்னால், 1941 டிசம்பரில், செல்ம்னோவில் லாரிகளுக்குள் புகையைச் செலுத்திக் கொல்வது தொடங்கியிருந்தது. இந்த இடங்களில் தங்குவதற்கான குடிசை வரிசைகள் பெரிதாக இருக்காது. தங்க வந்தவர்கள் யாருமில்லையே. ரயில் வரும். ட்ரெப்ளிங்காவில் ஒரு தடவைக்கு இருபது ரயில் பெட்டிகளாகப் பிரித்து உள்ளே தள்ளுவார்கள். உடைகளைக் களையச் சொல்வார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். எஞ்சினின் புகைதான் கருவி, ஆஷ்விட்ஸில் பயன்படுத்திய சைக்லோன்-பி என்ற விஷப்பொருள் இங்கே இல்லை. பச்சை குத்திய எண்ணும் கோடுபோட்ட உடையும் இங்கே இல்லை. அந்த எண் குத்தும் வழக்கம் ஆஷ்விட்ஸில் மட்டுமே இருந்தது, அதுவும் உழைப்புக்கென்று பதிவு செய்யப்பட்டவர்களுக்கு. 'உழைப்பு விடுதலை தரும்' என்ற வாசகமும் ட்ரெப்ளிங்காவில் கிடையாது. அங்கே வைத்திருந்தது ஒரு போலி ரயில் நிலையம். சுவரில் வரைந்த கடிகாரம், பயணச்சீட்டு வாங்குவதற்கென்று போலி சன்னல். யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து மட்டும் 1942 ஜூலை 22 தொடங்கி இரண்டு மாதங்களில் சுமார் 2,65,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். முகாமை நடத்திய ஜெர்மானியர்கள் சில பத்துப் பேர். கூடவே நூறு பேர் அளவுக்குத் துணைக் காவலர்கள். மொத்தம் சுமார் 9 லட்சம் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். போர் முடியும்வரை உயிர்தப்பி இருந்தவர்கள் எழுபது பேர் அளவில்தான். பெல்செக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நடந்ததைப் போருக்குப் பிறகு நேரில் சாட்சியாகச் சொன்னவர்கள் இருவர்: ருடோல்ஃப் ரெடர், ஹாயிம் ஹிர்ஷ்மன்.

உங்களுக்கு ஏன் ட்ரெப்ளிங்காவின் படம் கிடைப்பதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 1943இலேயே இந்த மூன்று இடங்களையும் நாஜிகள் அழித்துவிட்டார்கள். புதைத்த உடல்களைத் தோண்டி எரித்தார்கள், கட்டடங்களை இடித்தார்கள், நிலத்தை உழுது செடி விதைத்தார்கள். ட்ரெப்ளிங்காவில் ஒரு பண்ணை வீட்டைக் கட்டி, பழைய காவலர் ஒருவரையே குடிவைத்தார்கள். காவலர்கள் எடுத்த சில படங்கள் பிற்பாடு கிடைத்திருக்கின்றன. கொலையைக் காட்டும் படம் அவற்றில் இல்லை. ஆகவே படம் இருக்கும் இடம் கொலை அதிகம் நடந்த இடம் என்று கொள்ளக் கூடாது. நேச நாட்டுப் படைகளின் கேமரா போய்ச் சேர்ந்தபோது இன்னும் இடிக்கப்படாமல் நின்ற இடம், அவ்வளவுதான். அகழ்வாய்வாளர்கள் 2014இல் சோபிபோரில் விஷவாயு அறைகளின் அடித்தளத்தைத் தோண்டிக் கண்டார்கள். இதை வைத்து ஒரு காணொளி செய்யுங்களேன், தமிழில் நான் பார்த்தவரை யாரும் செய்யவில்லை.

சரி, எண்ணியது யார்?

இதை வகுப்பில் கரும்பலகையில் போட்டே காட்டலாம். 1943 ஜனவரி 11 அன்று ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். (முகாம்களை நடத்திய நாஜிப் படை) அதிகாரி லுப்ளினிலிருந்து ஒரு ரேடியோச் செய்தி அனுப்பினார். 1942 முடிய நான்கு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு அது. முகாம்களின் பெயர்கூட இல்லை, முதலெழுத்துகள் மட்டும். எல் (லுப்ளின், அதாவது மைதானெக் முகாம்) 24,733. பி 4,34,508. எஸ் 1,01,370. டி 71,355. கூட்டுத்தொகை 12,74,166. பிரிட்டிஷ் உளவுத்துறை அதைக் காற்றிலேயே பிடித்துக் குறியீட்டையும் உடைத்துவிட்டது. ஆனால் அது எதன் கணக்கு என்று விளங்காமல் கோப்பில் போட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில்தான் லண்டன் ஆவணக் காப்பகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது.

இப்போது கூட்டிப் பாருங்கள். கணக்கு உதைக்கும். நான்கையும் கூட்டினால் 12,74,166 வராது. 'டி' என்ற ட்ரெப்ளிங்காவின் எண்ணில் ஒரு 5 விட்டுப்போயிருக்கிறது. அதை 7,13,555 என்று வைத்துக் கூட்டுங்கள், கடைசி இலக்கம்வரை சரியாக வரும். அதோடு முடியவில்லை. எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்காக ரிச்சர்ட் கோர்ஹேர் என்ற எஸ்.எஸ். புள்ளியியலாளர் 1943இல் தயாரித்த அறிக்கை ஒன்று போர் முடிந்ததுமே கிடைத்திருந்தது. அதிலும் இதே 12,74,166 இருக்கிறது. ஒன்று காப்பகத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் தூங்கிய தாள், மற்றது நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணைக் காலத்திலிருந்தே தெரிந்த தாள். இரண்டும் கொலைகாரர்கள் தங்கள் மேலதிகாரிகளுக்குக் கொடுத்த கணக்கு. இரண்டும் ஒத்துப்போகின்றன.

எதிர்ப்பக்கத்தில் நின்று எண்ணியவர்களும் உண்டு. ட்ரெப்ளிங்கா ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஷெக் ஸொம்பெட்ஸ்கி போலந்துத் தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்தவர். பெட்டிகளின்மேல் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணிக்கைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அந்த முகாமின் தளபதியாக இருந்த ஃபிரான்ஸ் ஷ்டாங்கல் பிரேசிலில் பிடிபட்டு, 1970இல் டுஸெல்டோர்ஃப் நகரில் ஆயுள் தண்டனை பெற்றார். ஜெர்மன் ரயில்வேயின் பக்கத்திலோ, ஆளுக்கு இவ்வளவு என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிடப்பட்டது. சிறுவர்களுக்குப் பாதி. 400 பேருக்கு மேல் ஏற்றினால் குழுச் சலுகை. கொலைக்களத்துக்கு ஒருவழிக் கட்டணம் மட்டுமே வசூலித்த அந்த எழுத்தர்களைப் பற்றி நீங்கள் ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. ஹிட்லரின் நாயின் பெயர் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தப் பின்னணி தெரிந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்திக்குப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள். "செஞ்சிலுவைச் சங்கக் கணக்குப்படி முகாம்களில் இறந்தவர்கள் 2,71,301 பேர்தான்" என்று வருமே, அது. அதன் மூலம் ஜெர்மனியின் அரோல்சன் நகரப் பதிவு அலுவலகம். உறவினர்கள் விண்ணப்பித்து, பதிவேட்டிலும் ஆதாரம் இருந்து, அதன்பேரில் வழங்கிய இறப்புச் சான்றிதழ்களின் எண்ணிக்கைதான் அங்கே தொகுக்கப்படும். ட்ரெப்ளிங்காவில் இறங்கியவருக்கு யார் பதிவேடு எழுதினார்கள்? குடும்பத்தோடு கொல்லப்பட்டவருக்காக விண்ணப்பிக்க யார் மிஞ்சியிருந்தார்கள்?

ஆஷ்விட்ஸ் உங்களைக் குழப்புவதில் வியப்பில்லை, அது இரண்டுமாக இருந்தது. 1940இல் போலந்து அரசியல் கைதிகளுக்கான முகாமாகத் தொடங்கியது. ஜூன் 14 அன்று டார்னோவ் ஊரிலிருந்து வந்த 728 பேர் முதல் போலந்துக் கைதிகள். பிர்கெனாவ் பகுதி சேர்ந்தபிறகு, ஐரோப்பாவின் நாலா மூலையிலிருந்தும் யூதர்களைக் கொண்டுவந்து கொல்லும் இடமாகவும் ஆனது. இறங்குமிடத்திலேயே வேலைக்கு ஆகிறவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் பிரித்தார்கள். அந்த ஒரு பக்கத்தில் நின்றவர்களில் சிலர் பிழைத்து வந்து எழுதியதால்தான் ஆஷ்விட்ஸ் நம் மனத்தில் இவ்வளவு பெரிதாக நிற்கிறது. கொண்டுவரப்பட்டவர்கள் 13 லட்சம், கொல்லப்பட்டவர்கள் 11 லட்சம், அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். சோவியத் காலத்தில் அங்கிருந்த பலகையில் 40 லட்சம் என்று போட்டிருந்தது. 1990க்குப் பிறகு அதை மாற்றினார்கள். "அப்படியானால் அறுபதிலிருந்து முப்பதைக் கழித்துவிட வேண்டியதுதானே?" என்று ஒரு காணொளியில் கேட்டிருந்தார்கள். கழிக்க முடியாது. 60 லட்சம் என்ற கணக்கு அந்தப் பலகையை வைத்துப் போட்டதே இல்லை. வரலாற்றாளர் ராவுல் ஹில்பெர்க் 1961இலேயே ஆஷ்விட்ஸில் 10 லட்சம் யூதர்கள் என்றுதான் எழுதினார். மொத்தத்தை 51 லட்சம் என்று குறைவாகவே மதிப்பிட்டார். பிறகு வந்தவர்கள் நாடு நாடாக மக்கள்தொகைக் கணக்கையும் நாடுகடத்தல் பட்டியல்களையும் ஒப்பிட்டு 60 லட்சத்தை ஒட்டி வந்தார்கள். ஜெருசலேமிலுள்ள யாத் வாஷெம் நினைவு மையத்தில் இன்று ஏறக்குறைய 50 லட்சம் பெயர்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொரு பெரிய விடுபடல் இருக்கிறது. கொல்லப்பட்ட யூதர்களில் சுமார் 20 லட்சம் பேர் எந்த முகாமையும் பார்க்கவில்லை. 1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்துக்குள் ஜெர்மானியப் படை நுழைந்ததும், பின்னாலேயே வந்த கொலைப்படைகள் அவர்களை அவரவர் ஊரின் எல்லையிலேயே சுட்டுப் புதைத்தன. கீவ் நகருக்குப் பக்கத்திலுள்ள பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 இரண்டே நாட்களில் 33,771 பேர். இதுவும் அவர்களே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கையிலிருந்து வந்த எண்தான். ஆஷ்விட்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால்கூட நான் மகிழ்வேன்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஏன் ஓடிப்போகவில்லை? ஜெர்மனியின் யூதர்களில் பாதிக்கு மேல் போர் தொடங்குமுன் வெளியேறிவிட்டார்கள். போக விரும்பிய மற்றவர்களுக்குக் கதவைத் திறக்க ஆளில்லை. 1938இல் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசிவிட்டு ஏறக்குறைய வெறுங்கையோடு கலைந்தன. 1939இல் 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் 937 பேர் கியூபாவரை போய், அமெரிக்காவும் ஏற்காமல் பெரும்பாலோர் ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள். அவர்களில் 254 பேர் பிறகு மாண்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பாதிப்பேர், சுமார் 30 லட்சம், போலந்து யூதர்கள். அவர்கள் ஹிட்லரின் குடிமக்களே அல்ல, அவர்கள் வீட்டுக்குப் போர் வந்தது. திருப்பி அடிக்கவில்லையா? வார்சா கெட்டோ 1943 ஏப்ரல் 19இலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் சண்டையிட்டது. ட்ரெப்ளிங்காவில் 1943 ஆகஸ்ட் 2, சோபிபோரில் அக்டோபர் 14, பிர்கெனாவில் 1944 அக்டோபர் 7 என்று சாவு நிச்சயமான இடங்களிலேயே கிளர்ச்சிகள் நடந்தன. யூதர்கள் மட்டுமா? ரோமா மக்கள் குறைந்தது இரண்டரை லட்சம் பேர். சோவியத் போர்க்கைதிகள் 30 லட்சத்துக்கு மேல். உடல், மன ஊனமுற்ற ஜெர்மானியர்கள் 1940–41இல் மட்டும் சுமார் 70,000 பேர். விஷவாயுவை முதலில் சோதித்ததே ஊனமுற்றவர்கள்மேல்தான். அந்த வேலையைக் கற்றுக்கொண்ட ஆட்களே பிறகு ட்ரெப்ளிங்காவுக்குப் போனார்கள். எழுத்தில் ஹிட்லரின் ஆணை இருக்கிறதா? யூதர்களைக் கொல்லச் சொல்லி அவர் கையெழுத்திட்ட தாள் கிடைத்ததில்லை. ஆனால் ஹிம்லர் 1943 அக்டோபர் 4 அன்று போஸன் நகரில் எஸ்.எஸ். தளபதிகளிடம் யூத மக்களை அழித்துவருவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது.

மனிதக் கொழுப்பில் ஆலை வைத்துச் சோப்பு செய்த கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது போர்க்கால வதந்தி, யாத் வாஷெம் வரலாற்றாளர்களே அதை ஏற்பதில்லை. ஆஷ்விட்ஸ் மீட்கப்பட்டபோது அங்கே சுமார் ஏழு டன் கூந்தல் மூட்டை மூட்டையாக இருந்தது. உண்மை இப்படியிருக்க வதந்திக்கு என்ன தேவை?

கடைசியாக ஒரு வாதம். "பிரிட்டிஷ்காரன் மட்டும் யோக்கியனா, 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் சாகவில்லையா, அவனை எதிர்த்த ஹிட்லர் நமக்கு நண்பன்தானே?" என்ற தொனி சில காணொளிகளில் வருகிறது. வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அதற்குத் தனியாக, முழுசாக ஒரு காணொளி செய்யுங்கள், ட்ரெப்ளிங்காவைச் சிறிதாக்கும் எடைக்கல்லாக அதைப் பயன்படுத்தாதீர்கள். நண்பன் என்பதைப் பொறுத்தவரை, இந்தியா வேறெவருடைய ஆட்சிக்கும் போவதைவிட ஆங்கிலேயரிடமே இருப்பதைத்தான் விரும்புவதாக ஹிட்லர் தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

பழைய காணொளிகளை நீக்கச் சொல்லவில்லை. காட்டும் ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த முகாம், எந்த மாதம், எடுத்தது யார் என்று ஒரு வரி போடுங்கள். ஆன் ஃபிராங்க் பற்றிச் சொன்னதையும் சோப்புக் கதையையும் விளக்கக் குறிப்பில் திருத்திவிடுங்கள். பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா மூன்றுக்கும் சேர்த்து ஹோஃப்லேயின் செய்தியை மையமாக வைத்து இருபது நிமிடத்தில் ஒன்று செய்து கொடுத்தால், அடுத்த கல்வியாண்டில் பாடம் வரும்போது வகுப்பில் அதையே திரையிடுகிறேன். கூட்டல் கணக்கைப் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்